ஹில்டாவை மேடையில் பார்த்தேன்

தென்னாப்பிரிக்காவின் மஹோட்டெல்லா குவீன்ஸ் என்ற பெண்கள் பாட்டுக் குழு 1964-ல் தொடங்கியது. ஆரம்ப காலத்திலிருந்தே அதன் முதன்மைக் குரல் ஹில்டா ட்லூபாட்லா. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்த நாட்களில் அவரை மேடையில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது.

ஹில்டா, நோபேசுத்து ம்பாடு, மில்ட்ரெட் மங்சோலா மூவரும் பாசிமணி அலங்காரத்தோடு, காலில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தார்கள். கிட்டார் ஆரம்பித்ததுதான் தாமதம், மூன்று பேர் காலும் ஒரே நேரத்தில் மேலே போய்த் தரையில் இறங்கியது. ஹில்டா ஓரடி பாடி நிறுத்துவார். அவர் விட்ட இடத்தில் மற்ற இருவரும் சுருதி பிரித்து எடுத்துக்கொள்வார்கள். இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவிலும் குரலில் துளி நடுக்கம் இல்லை. நான் முன்பக்கமாக நின்றிருந்தேன். அடுத்த அடி மாறப்போகிறது என்றால் ஹில்டா தலையை லேசாகத் திருப்புவார், அவ்வளவுதான், இருவரும் மாறிவிடுவார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னேன். அங்கே வேலை பார்த்த ஒரு பெரியம்மா, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவில் வளர்ந்தவர், சின்ன வயதில் ரேடியோவில் இந்தக் குரல்களைக் கேட்டுத்தான் வளர்ந்தேன் என்றார். ஆனால் அவர் சொன்ன குழுப் பெயர்களே வேறு. அப்புறம்தான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென்று மொழிவாரியாகத் தனித்தனி வானொலி நடத்தியது. ஜூலுவுக்கு ஒன்று, சோத்தோவுக்கு ஒன்று என்று. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மொழியில் இசைத்தட்டு வேண்டும். கேலோ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கறுப்பின இசைப் பிரிவான மவுத்தேலாவை நடத்திய தயாரிப்பாளர் ரூபர்ட் போபாப்பே, அதே பெண்களை வெவ்வேறு மொழிகளில் பாடவைத்து, இசைத்தட்டில் வேறு வேறு குழுப் பெயர் அச்சிட்டார். டிமா சிஸ்டர்ஸ், மருலா பூம் ஸ்டார்ஸ் எல்லாம் இப்படி வந்தவைதான். கேட்பவருக்குப் பல குழுக்கள். பாடியவர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள். பாடிய பெண்ணின் சொந்தப் பெயர் எத்தனையோ தட்டுகளில் இல்லவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். ஊரெல்லாம் ஒலித்த குரல், யாருடையது என்றே தெரியாமல் போயிருக்கிறது.

ம்பகாங்கா என்று சொல்லும் அந்த இசையில், குவீன்ஸோடு சேர்ந்து பாடிய மஹ்லாத்தினி என்ற சைமன் ன்காபிண்டேயின் அடித்தொண்டைக் கர்ஜனைதான் பலருக்கும் நினைவில் நிற்கும். சரி, அது அபாரமான குரல்தான். ஆனால் பின்னால் பெண்களின் கூட்டுக்குரல் இல்லாமல் அந்தக் கர்ஜனையை மட்டும் கற்பனை செய்து பாருங்கள். பாதிப் பாட்டு காணாமல் போய்விடும். மார்க்ஸ் மங்க்வானேயின் கிட்டாரும் வெஸ்ட் ன்கோசியின் சாக்ஸபோனும் அவர்களைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

1970-களில் குழுவிலிருந்து மஹ்லாத்தினியும் விலகினார், ஹில்டாவும் விலகினார். 1980-களில் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள். அதன்பிறகுதான் வெளிநாடுகள் இவர்களைக் கேட்டன. 1988 ஜூனில், மண்டேலா இன்னும் சிறையில் இருந்தபோது, அவருடைய 70-வது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த பெரிய கச்சேரியில் இவர்களும் மேடையேறினார்கள்.

மங்க்வானேயும் ன்கோசியும் 1998-ல் மறைந்தார்கள், 1999-ல் மஹ்லாத்தினி. இத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். மூன்று பெண்களும் தாங்களே குழுவை நடத்தினார்கள். நான் பார்த்தது அந்தக் காலகட்டத்தைத்தான். நோபேசுத்து 2021-ல் காலமானார்.

அந்தப் பெரியம்மாவுக்கு ஒருநாள் ஹெட்ஃபோனில் ஒரு பழைய குவீன்ஸ் பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். முதல் வரியிலேயே கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தெரிந்தது வேறு குழுவின் பெயர். பாடுகிறவர் ஹில்டா என்று சொன்னேன். ஒரு காகிதத்தை எடுத்து முழுப்பெயரையும் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன்.