மாஸ்டர் மீட்டர்ல +0.6, ஆனா மோனோவுல கிட்டார் காணாமப் போகுது. ஏன்?

கேள்வி:
வணக்கம். ஒரு பாட்டு மிக்ஸ் பண்ணிட்டிருக்கேன். ஹெட்போன்ல அக்கூஸ்டிக் கிட்டார் நல்லா விரிஞ்சு கேக்குது. மோனோ பட்டனைப் போட்டா (இடதையும் வலதையும் ஒண்ணாக் கூட்டிக் கேட்டா) குழாய்க்குள்ள வாசிச்ச மாதிரி ஆயிடுது, கனமே இல்ல. ஒற்றை ஸ்பீக்கர் போன்லயும் அப்படித்தான். ஆனா மாஸ்டர்ல (எல்லா டிராக்கும் சேரற கடைசி சேனல்) கோரிலேஷன் மீட்டர் +0.6 பக்கத்துலயே நிக்குது. இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு -1லேர்ந்து +1 வரைக்கும் காட்டற மீட்டர் அது. கிட்டார் ஒரே டேக்தான், அதாவது ஒரு தடவை வாசிச்ச பதிவு. காப்பி எடுத்து ஒண்ணு முழு இடது, இன்னொண்ணு முழு வலது. வலதுக்கு 10 மில்லிசெகண்ட் டிலே. ஃபேஸ் பட்டனைத் தட்டினா சத்தம் மாறுது, சரியாகல. மீட்டரை நம்பறதா, காதை நம்பறதா?

பதில் 1:
காதைத்தான். மாஸ்டர் மீட்டர் மொத்த மிக்ஸுக்கும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும். கிக், பேஸ், குரல் மூணும் நடுவுல பலமா உக்காந்திருந்தா முள்ளை மேல தூக்கிப் பிடிச்சிடும், கிட்டார் பிரச்சினை அதுக்கு அடியில மறைஞ்சிடும். மீட்டரைக் கிட்டார் பஸ்ல (கிட்டார் டிராக்குகள் மட்டும் சேரற சேனல்) போட்டு ஒவ்வொரு கம்பியா மீட்டின இடங்களைப் பாருங்க. நோட்டுக்கு நோட்டு முள் ஆடும்.

காரணம் அந்த 10 மில்லிசெகண்ட். மோனோவுல ரெண்டும் கூடும்போது 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ்னு வரிசையா பள்ளம் விழும், அதாவது அந்த இடங்கள்ல ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். 100, 200, 300ல மேடு. திறந்த டி கம்பி 147 ஹெர்ட்ஸ், பி கம்பி 247. ரெண்டோட அடிப்படை ஸ்வரமும் பள்ளத்துலயே விழுது. ஜி கம்பி 196, அது தப்பிச்சிடும். கனம் போனது இதனாலதான்.

ஃபேஸ் பட்டன் நேரத்தை நகர்த்தாது, அலையைத் தலைகீழாப் புரட்டும், அவ்வளவுதான். பள்ளமும் மேடும் இடம் மாறி, இப்போ ஜி கம்பி காணாமப் போகும்.

கேட்டவர்:
பி கம்பி மீட்டற இடத்துல முள் மைனஸ்லயே கிடக்குது, இப்போ புரியுது! டிலேயை 15 ஆக்கினா தப்பிக்கலாமா?

பதில் 1:
பள்ளம் வேற இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். 15ல 33, 100, 167னு விழும். முடிஞ்சா ரெண்டாவது டேக் வாசிச்சு மறுபக்கம் போடுங்க. ஒரே கை வாசிச்சாலும் ரெண்டு டேக் அச்சா ஒண்ணா இருக்காது, அதனால இப்படி நிலையான பள்ளம் விழாது. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பதில் 2:
மறுபடி வாசிக்க வழியில்லன்னா இப்படிச் செய்யுங்க. அசல் டிராக்கை நடுவுல வைங்க. டிலே ஆன காப்பியை இடதுல அப்படியே, வலதுல ஃபேஸ் புரட்டி, ரெண்டும் ஒரே அளவுல. மோனோ ஆனதும் காப்பிகள் ஒண்ணையொண்ணு முழுசா அழிச்சுக்கும், அசல் கிட்டார் அப்படியே நிக்கும். காப்பியோட லெவலைக் குறைவாவே வைங்க. ஏத்த ஏத்தக் கோரிலேஷன் 0 பக்கம் இறங்கும், அசலைத் தாண்டிட்டா மைனஸ்.

கேட்டவர்:
செஞ்சு பார்த்தேன். மோனோவுல கிட்டார் முழுசா இருக்கு, ரொம்ப நன்றி! ரிவெர்ப் வால்ல (எதிரொலி தேஞ்சு மறையற கடைசிப் பகுதி) மட்டும் முள் ஒரு நொடி 0க்குக் கீழ போகுது, பரவாயில்லையா?

பதில் 2:
பரவாயில்ல. ரிவெர்ப்ல ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கறதால முள் 0 பக்கத்துல அலையறது சகஜம். மைனஸ்லயே தங்கினா அந்த டிராக்கை சோலோ பண்ணி (மத்ததை அணைச்சு அதை மட்டும் வச்சு) மோனோவுல கேளுங்க.