தோடர் மந்தில் எடுத்த படம்: நடக்கும் காட்சிகளை நீக்கலாமா?

கேள்வி:
காட்சித் தொடர்பியல் இறுதியாண்டுக்காக, நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்றில் பூத்தையல் போடும் பாட்டியை வர்ணனையோ இசையோ இல்லாமல் படம்பிடித்து வந்திருக்கிறேன். எடுத்ததில் பாதி, தங்கையோடு சேர்ந்து தைப்பதற்காக அவர் புல்வெளியைத் தாண்டி இன்னொரு மந்துக்கு நடந்து போவதும் திரும்புவதும்தான். அதை நீக்கிவிட்டு, ஊசியும் விரலும் மட்டும் வேகமாக மாறி மாறி வந்தால்தான் 'சோதனைப் படம்' ஆகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. காரணமும் சொல்லத் தெரியவில்லை.

மறுமொழி 1:
நீக்காதீர்கள் தம்பி. 1966 கோடையில் சோல் வொர்த், ஜான் அடேர் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பைன் ஸ்பிரிங்ஸில், அங்குள்ள பழங்குடியினரான நவாஹோ மக்கள் சிலருக்கு 16 மி.மீ. கேமராவைக் கையாளவும் படத்தைத் தொகுக்கவும் கற்றுக்கொடுத்து, எதை எடுப்பது என்பதை அவர்களிடமே விட்டார்கள். சூசி பெனாலி தன் தாய் கம்பளம் நெய்வதை எடுத்தார். அந்தப் படத்தில் தறியைவிட, கம்பளிக்கும் சாயத்துக்கும் வேண்டியவற்றைத் தேடி நடப்பதும் சேர்ப்பதுமே நெடுநேரம் ஓடுகின்றன. வெளியாருக்கு அது தொய்வாகத் தெரியும். நெய்பவர் வீட்டில் அதுவும் நெசவுதான். பின்னர் அந்தத் தாயே கேமராவை வாங்கி மகள் நெய்வதை எடுத்தார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்தப் படங்கள் 2002இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றன.

மறுமொழி 2:
ஊட்டியில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். பூத்தையலுக்குத் துணியில் கோலம் எதையும் முன்கூட்டி வரைவதில்லை. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலைக் கோக்கிறார்கள். எண்ணுவதற்காக விரல் நிற்கும் அந்த நேரத்தை, வேகமான வெட்டு முதலில் விழுங்கிவிடும். இன்னொன்று: கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பூத்துக்குளி என்ற தோடர் போர்வையைப் போர்த்தி, வளைந்த கூரையுள்ள பழைய குடிலின் முன் உட்காரச் சொல்கிறார்கள். பலர் இப்போது வாழ்வது சாதாரண வீடுகளில்தான். பாட்டி அன்றாடம் எங்கே உட்கார்ந்து தைக்கிறார்?

கேட்டவர்:
சிமெண்ட் திண்ணையில், அக்கா. குடிலின் முன் உட்காரச் சொன்னவன் நானேதான்; அந்தக் காட்சியை நீக்கிவிடுகிறேன், நடை இருக்கட்டும். தொகுத்ததை மடிக்கணினியில் மந்துக்கே கொண்டுபோய்ப் பாட்டிக்கும் தங்கைக்கும் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்த பிறகுதான் கல்லூரியில் ஒப்படைப்பேன்.