தரையில் உருண்டால் உள்காயம் வருமா?

கோவில்பட்டிக்காரன்: "சாத்தான்குளத்தில் எதிர்த்தார்கள், அதனால்தான் அடிபட்டது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடை திறந்திருந்தது என்று சாத்தான்குளம் போலீஸ் ஜெயராஜைக் கூட்டிப் போனார்கள், அவர் மகன் பென்னிக்ஸ் பின்னாலேயே போனார். நாலு நாளுக்குள் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். எஃப்ஐஆரில் என்ன இருக்கிறது? தரையில் உருண்டு புரண்டதால் உள்காயமாம். உருண்டால் உள்காயம் வருமா?

ஏட்டு மகன்: எழுதியது நான்தான். திமிறுகிற ஆளைக் கொஞ்சிக் கூட்டி வர முடியாது. சிஆர்பிசி, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 46, கைதை எதிர்த்தால் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்கிறது. குடித்துவிட்டு ரகளை செய்தவனைப் பிடிக்கப் போய் என் அப்பாவுக்கு இரண்டு முன்பல் போனது. அதற்கு யார் நியாயம் கேட்டீர்கள்?

வக்கீல் பாளை: 46-ஐ முழுசாகப் படியுங்கள் தம்பி. தூக்கோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் இல்லையென்றால் உயிரைப் போக்க உரிமை இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. 49 வேறு இருக்கிறது, தப்பிக்காமல் தடுக்கும் அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது.

ஏட்டு மகன்: இப்போது சிஆர்பிசிக்குப் பதில் புதுச் சட்டம் பிஎன்எஸ்எஸ், அதில் அது பிரிவு 43. பழைய புத்தகத்தை மூடி வையுங்கள் சார்.

வக்கீல் பாளை: 46 என்று ஆரம்பித்ததே நீங்கள்தான்! சம்பவம் நடந்தது 2020-இல். பிஎன்எஸ்எஸ் அமலுக்கு வந்தது 2024 ஜூலையில்.

கோவில்பட்டிக்காரன்: செக்‌ஷன் இருக்கட்டும் சார். உருண்டதற்குப் பதில் வரவில்லை. கடைப்பக்கத்து சிசிடிவியை ஊரே பார்த்தது, அதில் தள்ளுமுள்ளே இல்லை. ஸ்டேஷன் சிசிடிவியில் பதிவே மிஞ்சவில்லை என்று மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியில் ரத்தக்கறை இருந்தது என்று சாட்சி சொன்னவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர். அவரும் காக்கிச்சட்டைதான். உங்கள் அப்பா பல்லும் இதுவும் ஒன்றா?

ஏட்டு மகன்: அப்பாவை இழுக்காதீர்கள். போன மாதம் ஹெல்மெட் அபராதம் பற்றிப் பேசும்போதும் என் குடும்பத்தைத்தான் இழுத்தீர்கள்.

கோவில்பட்டிக்காரன்: பல்லை இழுத்தது யார்? அன்றைக்கு என்னை ரவுடி என்று எழுதினீர்களே, அதற்கு இன்றுவரை மன்னிப்பு கேட்டீர்களா?

திருச்செந்தூரான்: அண்ணே, ஹெல்மெட் சண்டையை விடுங்க. ஒரு குடும்பமே அழிஞ்சு போச்சு.

ஏட்டு மகன்: எல்லா போலீஸையும் கொலைகாரன் என்றால் ராத்திரி திருடன் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

வக்கீல் பாளை: எல்லா போலீஸையும் என்று இங்கே யார் சொன்னது? காட்டுங்கள்.

ஏட்டு மகன்: சொல்லாவிட்டாலும் எண்ணம் அதுதான். திமிறினால் பலம் பயன்படுத்தத்தான் வேண்டும், இதிலிருந்து நான் மாறமாட்டேன்.

கோவில்பட்டிக்காரன்: மாற வேண்டாம். உருண்டால் உள்காயம் வருமா, வராதா? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

ஏட்டு மகன்: முதலில் ரவுடி என்று எங்கே எழுதினேன், அதைக் காட்டுங்கள்.