கோவையா, கோபியா: டிப்ளமா செவிலியர் எந்த வேலையில் சேருவது நல்லது?

கேள்வி

நான் டிப்ளமா நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். கோவையில் 300 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்று, ஐசியூவில் மாதம் 22,000 ரூபாய்க்கு வேலை தருவதாகச் சொல்கிறது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 3,500 பிடிப்பார்களாம். கோபியில் 40 படுக்கை மருத்துவமனையில் 15,000 தருகிறார்கள், வீட்டிலிருந்தே போய்வரலாம். இவை தவிர, அரசு சுகாதாரத் துறையின் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் 18,000 தொகுப்பூதியத்தில் விண்ணப்பம் கேட்டிருக்கிறது. பிறகு எய்ம்ஸ் தேர்வு எழுத வேண்டும் என்பது என் எண்ணம். எதை வைத்து இவற்றை ஒப்பிடுவது?

பதில் 1 (வார்டு இன்சார்ஜ், கோவை)

தங்கைக்கு வாழ்த்துகள். அந்த 22,000 கைக்கு வரும் தொகையா, நிர்வாகத்தின் மொத்தச் செலவா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தச் செலவு என்றால், அடிப்படைச் சம்பளம் 13,000 என்று வைத்துக்கொண்டாலும், நிர்வாகம் கட்டும் 12 சதவீத பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), உங்களிடம் பிடிக்கும் 12 சதவீதம், இருதரப்பு இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) எல்லாம் அதிலிருந்தே போய், கையில் ஏறக்குறைய 18,000தான் நிற்கும். விடுதிக் கட்டணமும் போனால் 14,500. பி.எஃப். உங்கள் சேமிப்புதான் என்றாலும், மாதச் செலவுக்கு அது உதவாது.

அடுத்து நேரத்தைப் பாருங்கள். மாதம் 26 நாள், எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் அந்த 18,000 மணிக்குச் சுமார் 86 ரூபாய்; பன்னிரண்டு மணி நேரம் என்றால் 58 ரூபாய்தான். முடிந்தால் நேர்காணலன்று வார்டு சுவரில் ஒட்டியிருக்கும் டூட்டி ரோஸ்டரைப் பார்த்துவிடுங்கள். ஒரே பெயருக்கு எதிரே தொடர்ந்து எத்தனை நைட் விழுகிறது, அதன் பிறகு விடுப்பு உண்டா, இரவில் ஐசியூவுக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதே முறை. ஒருவர் மூன்று வென்டிலேட்டரைப் பார்க்கும் இடத்தில் புதிதாகச் சேருபவர் எதையும் நிதானமாகக் கற்க முடியாது. அது நோயாளிக்கும் ஆபத்து.

பதில் 2 (ஒப்பந்தச் செவிலியர், ஈரோடு மாவட்டம்)

எய்ம்ஸ் எண்ணம் இருப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எய்ம்ஸ் செவிலியர் பணிக்கான நார்செட் தேர்வுக்கு டிப்ளமா படித்தவர்கள், குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். கோபியில் நீங்கள் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது. அங்கே நர்சிங் ஆபீசர் பணிக்கு அடிப்படை ஊதியமே 44,900 என்பதால், இது சிறிய இழப்பு அல்ல.

நலவாழ்வுச் சங்கப் பணி முற்றிலும் தற்காலிகமானது. நிரந்தரம் கோரமாட்டேன் என்று உறுதிமொழியும் கேட்பார்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள், இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் (நிரந்தரப் பணியாளருக்கான ஊதிய விகிதம்) என்ற வாக்கை நம்பி அதற்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். சங்கம் வழியாகச் சேருபவருக்கு அந்த வாக்குகூட இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம், தடுப்பூசி, கிராம முகாம் என நல்ல அனுபவம் கிடைக்கும். ஆனால் ஐசியூ பழக்கம் கிடைக்காது.

பதில் 3

உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், 200க்கு மேல் என்றால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நடைமுறை அப்படி இல்லை என்பது வேதனைதான். ஆனாலும் சம்பளம் பேசும்போது தயங்காமல் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அக்கா, மற்றவர்களுக்கும் நன்றி. கோவையில் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில் 1

கொடுக்க வேண்டாம். சரிபார்க்கக் காட்டிவிட்டு, கையெழுத்திட்ட நகலை மட்டும் தாருங்கள். பிடிவாதம் பிடித்தால் கோவையிலேயே வேறு இடம் தேடலாம். பணி ஆணையில் பிரிவு, ஷிஃப்ட் நேரம், விலகுவதற்கான அறிவிப்புக் காலம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். விலகும்போது அனுபவச் சான்றில் படுக்கை எண்ணிக்கையையும் குறிப்பிடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.