டக் டன் பேஸ் வாசிப்பு: நோட்டு குறைவு, ஆனால் நான் வாசித்தால் ஏன் சப்பென்று இருக்கிறது?

முட்டம்_பேஸ்:
அண்ணன்மாரே, வணக்கம். முட்டம் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் பாடகர் குழுவில் இரண்டு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் பாட்டுகளை விடாமல் கேட்கிறேன். அதில் பேஸ் வாசித்தவர் டொனால்ட் 'டக்' டன் என்று தெரிந்தது. நோட்டு ரொம்பக் குறைவு. அதையே நான் வாசித்தால் சப்பென்று இருக்கிறது. எங்கள் கீபோர்டு அண்ணன் "பேஸ் யாருக்குக் கேட்கப் போகிறது" என்கிறார். மற்றவர் பாட்டுக்கு வாசித்தே ஒருவர் ஆயுள் முழுக்க எப்படி ஓட்டினார்? இன்னொன்று, கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

நாலுகம்பி_நாகர்கோவில்:
தம்பி, கானமேளா, கல்யாண வரவேற்பு, அம்மன் கோயில் கொடை, பத்தாம் திருவிழா என்று 28 வருடம் பேஸ் வாசித்தவன் நான். டன் என்றால் எனக்கு உயிர்.

அவர் 1941இல் அமெரிக்காவின் மெம்பிஸில் பிறந்தவர். ரெட்டிங் பாட்டுகளை வெளியிட்ட அந்த ஊர் இசைத்தட்டு கம்பெனி ஸ்டாக்ஸின் ஸ்டுடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர். நாற்காலிகளைக் கழற்றினார்கள், தரையின் சரிவு அப்படியே இருந்தது. அங்கே வரும் பாடகர்களுக்கெல்லாம் வாசித்தது பெரும்பாலும் ஒரே குழு, புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ். ஆர்கன் புக்கர் டி ஜோன்ஸ், கிட்டார் ஸ்டீவ் கிராப்பர், டிரம்ஸ் அல் ஜாக்சன், பேஸ் டன். கறுப்பர் இரண்டு, வெள்ளையர் இரண்டு. நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த ஊரில் அந்த நாலு பேரும் ஒரே அறையில் நின்று வாசித்தார்கள். இரட்டைப் பாடகர்கள் சாம் அண்ட் டேவுக்கும் ப்ளூஸ் பாடிய ஆல்பர்ட் கிங்குக்கும் பின்னால் இவர்கள்தான்.

நீ டன்னை மட்டும் கேட்கிறாய். இன்று ராத்திரி அல் ஜாக்சனின் காலடியை மட்டும் கேள். கிக், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், விழும் இடத்தில்தான் டன்னின் விரல் விழும். அப்புறம், நோட்டு எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்று பார். ஸ்னேர், அதாவது குச்சியால் அடிக்கும் சின்ன டிரம், அடிக்கும்முன் கம்பியை அமுக்கி நிறுத்து. உன் நோட்டு அடுத்த அடி வரை இழுத்துக்கொண்டு கிடக்கும், அதனால்தான் சப்பென்று இருக்கிறது. எனக்கு இது பிடிபடப் பத்து வருடம் ஆனது.

கீபோர்டு அண்ணன் சொன்னதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு திருவிழா மேடையில் மைக்செட் தம்பி என் சேனலை மூடிவிட்டான். எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்கு வாசிக்கிறேன். பல்லவி முடியும்முன் பாடிக்கொண்டிருந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கீழே ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கும் காரணம் தெரியாது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டெட்ராய்ட்டின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சனையும் கேள். அவர் வாசித்த மோட்டவுன் இசைத்தட்டு கம்பெனி ஒரு வீட்டில் நடந்தது, அங்கேதான் ஸ்டுடியோ. பகலெல்லாம் அங்கே வாசித்துவிட்டு இரவில் கிளப்பில் ஜாஸ் வாசிப்பார். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றுதான் கம்பியை இழுக்கும். பல வருடம் இசைத்தட்டு உறையில் அவர் பெயரே வரவில்லை. 1971இல் பாடகர் மார்வின் கே ஆல்பத்தில்தான் பெயர் போட்டார்கள். மறுவருடம் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. அவரும் பின்னால் போனார், பழைய வேலை அங்கே அமையவில்லை. குடி ஈரலைத் தின்றது. 1983இல், 47 வயதில் போய்விட்டார். இதை எழுதும்போதும் எனக்கு மனசு கனக்கிறது. உலகமே ஆடிய பாட்டுகள் அவருடையவை.

டன்னுக்கு அப்படி ஆகவில்லை. 2012 மே மாதம் டோக்கியோவில் கிராப்பரோடு மேடையில் வாசித்தார், அன்று இரவு தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 70. ஆயுளை எப்படி ஓட்டினார் என்று கேட்டாயே மக்களே, கூட வாசித்தவர்களை விடாமல் ஓட்டினார்.

கம்பிக்கு: ஃபிளாட்வௌண்ட் வகைக் கம்பி வாங்கு. விலை கூடுதல்தான், ஆனால் மேலே பட்டையாக இருப்பதால் வியர்வையும் அழுக்கும் அவ்வளவாக இறங்காது. ஜேமர்சன் அறுந்தால் ஒழிய கம்பி மாற்றமாட்டார். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வை, சுவரில் தொங்கவிடாதே. கம்பி வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகிப் பார். அந்தக் காலத்து 'தும்' சத்தம் வரும்.

தக்கலை_டிரம்ஸ்:
அண்ணாச்சி சொன்னது சரி. நான் டிரம்ஸ்காரன், ஒன்று சேர்க்கிறேன். ப்ளூஸின் 12 பார் முதலில் படி, ஒரு பார் என்றால் நாலு அடி. ஈ ஸ்கேலில் நாலு பார் ஈ, இரண்டு ஏ, இரண்டு ஈ, அப்புறம் பி ஒன்று, ஏ ஒன்று, கடைசி இரண்டும் ஈ. தாளம் தட்டும் மெட்ரோனோமை 60இல் வைத்து ரூட் நோட்டு, அதாவது கார்டின் பெயர் நோட்டு மட்டும் வாசி. மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டம், அவசரம் அங்கேதான் வெளியே தெரியும். போனில் பதிவு செய்து மறுநாள் கேள்.

முட்டம்_பேஸ்:
அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ராத்திரி இயர்போனில் கிக்கை மட்டும் கேட்டேன். நான் எல்லா இடத்திலும் முந்திக்கொண்டு போயிருக்கிறேன். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை அம்மாவிடம் வாங்கி வெட்டிச் செருகியிருக்கிறேன். எங்கள் டிரம்ஸ் பையனிடமும் பேசிவிட்டேன். சனிக்கிழமை பயிற்சிக்கு மற்றவர்கள் வரும்முன் ஒரு மணி நேரம் நாங்கள் இருவர் மட்டும் வாசிக்கப் போகிறோம். பதிவு செய்து இங்கே போடுகிறேன், கேட்டுத் திருத்துங்கள்.