ஆட்குறைப்பு வரும்போல் தெரிகிறது: வேலையில் இருந்துகொண்டே எதை முதலில் செய்வது?

நேர்கோடு:
வணக்கம். எங்கள் நிறுவனத்தில் புது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். விலகிப் போனவர்களின் இடமும் நிரம்பவில்லை, கான்ட்ராக்ட் ஆட்களின் ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. இப்போது, அவரவர் செய்யும் வேலையைப் படிப்படியாக எழுதி வையுங்கள் என்று கேட்கிறார்கள். மென்பொருள் துறை, எட்டு வருட அனுபவம். வெளியே தெரியாமல் வேலை தேடுவது எப்படி? அதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை என்னென்ன? அவர்களே அனுப்பும்வரை காத்திருப்பதா, முந்திக்கொண்டு விலகுவதா?

மூன்றாம்மாடி:
நீங்கள் சொல்வதில் கனமான அறிகுறி கான்ட்ராக்ட் ஆட்கள் போனதுதான். செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கைவைப்பது அங்கேதான். வேலையை எழுதி வைக்கச் சொல்வது மட்டும் நடந்தால் பயப்பட வேண்டியதில்லை. எல்லாம் சேர்ந்து வரும்போது தயாராவதுதான் சரி.

முதல் வேலை ரெஸ்யூமே இல்லை, ஆவணங்கள். ஆட்குறைப்பு அறிவிக்கும் நாளில் பல நிறுவனங்களில் பேச்சு முடிவதற்குள் மெயிலும் ஹெச்.ஆர். தளமும் பூட்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஒரு சம்பளச் சீட்டுக்கும் மெயில் எழுதி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வரிப் படிவங்கள், பதவி உயர்வுக் கடிதங்கள், ஆண்டு மதிப்பீடு, பங்கு ஒதுக்கீட்டு ஒப்பந்தம், விடுப்பு இருப்பு ஆகியவற்றை ஹெச்.ஆர். தளத்திலிருந்து இந்த வாரமே இறக்கி உங்கள் சொந்தக் கணினியில் வையுங்கள். தளத்தைத் தனிக் கணினியில் திறக்க முடிந்தால் அங்கேயே இறக்குவது நல்லது.

எடுக்கக் கூடாததும் உண்டு. மென்பொருள் நிரல் (கோட்), வடிவமைப்பு ஆவணம், வாடிக்கையாளர் பட்டியல் எதையும் தொடாதீர்கள். அலுவலக மெயிலைக் கொத்தாகத் தனி மெயிலுக்கு அனுப்பினால் கண்காணிப்பு மென்பொருள் அதைப் பிடித்துவிடக்கூடும். அதையே காரணம் காட்டி, இழப்பீடு இல்லாமல் ஒழுங்கு நடவடிக்கையாக அனுப்பவும் வழி கிடைத்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது கணக்குகளில். வங்கி, காப்பீடு, சான்றிதழ்த் தேர்வுத் தளங்கள் எதிலாவது அலுவலக மெயிலோ அலுவலகத் தொலைபேசி எண்ணோ பதிவாகியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஓடிபி அங்கே போனால் உங்கள் கணக்கே உங்களுக்குத் திறக்காது. அலுவலக லேப்டாப்பின் பிரவுசரில் சேமித்த சொந்தக் கடவுச்சொற்களை நீக்கிவிட்டு, சொந்தக் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். சொந்த போனை முழுவதுமாக நிறுவனத்தின் நிர்வாக மென்பொருளில் சேர்த்திருந்தால் போனில் உள்ளதை எல்லாம் அவர்களால் தொலைவிலிருந்தே அழிக்க முடியும். படங்களையும் தொடர்பு எண்களையும் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

வரவுசெலவு:
பணக் கணக்கைச் சேர்க்கிறேன். கடைசி மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்து வாடகை, கடன் தவணை, சாப்பாடு, காப்பீடு, கல்விக் கட்டணம் ஆகியவற்றை மட்டும் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் அடிப்படை மாதச் செலவு வரும். உடனே எடுக்கக்கூடிய சேமிப்பை அதால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். பங்குகளையும் ஓய்வூதிய நிதியையும் இதில் சேர்க்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால், கடனை முன்கூட்டி அடைப்பதை இன்றே நிறுத்துங்கள். வட்டி மிச்சம்தான், ஆனால் வங்கிக்குப் போன பணம், சம்பளம் நின்ற மாதத்தில் திரும்பி வராது.

நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிகிறதா, மாதக் கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். தள்ளிப்போட்ட பரிசோதனைகளை இப்போதே முடித்துவிடலாம். தனிக் காப்பீடு எடுப்பதானால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்கும், அதனால் தாமதிக்க வேண்டாம்.

காத்திருப்பதா விலகுவதா என்பதற்கு: கையில் வேறு ஆஃபர் இல்லாமல் ராஜினாமா செய்யாதீர்கள். நீங்களாக விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடு பெரும்பாலும் கிடைக்காது. பல நாடுகளில் வேலையின்மை உதவித்தொகையும் போய்விடும். “ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் ரெக்கார்டுக்கு நல்லது” என்று யாராவது சொன்னால் அங்கேயே கையெழுத்துப் போடாமல், வாசித்துப் பார்க்க நாள் கேளுங்கள். இழப்பீட்டுத் தொகைக்கான ஒப்பந்தத்தில் வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் நிபந்தனை பொதுவாக இருக்கும். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுவதற்கு ஆகும் செலவு வீண் இல்லை. தொகை மாறாவிட்டாலும் காப்பீட்டு நீட்டிப்பு, நிறுவனம் ஒதுக்கிய பங்குகளை வாங்க அவகாசம், போட்டி நிறுவனத்தில் சேரத் தடை நீக்கம் இவற்றைக் கேட்கலாம்.

தேடல்விளக்கு:
தேடும் பகுதிக்கு வருகிறேன். லிங்க்ட்இன்னில் ‘வேலைக்குத் தயார்’ (Open to Work) அமைப்பில் இரண்டு தேர்வுகள் உண்டு. எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தில் பச்சை வளையம் வரும், அது வேண்டாம். ரெக்ரூட்டர்களுக்கு (ஆள் தேடி எடுப்பவர்களுக்கு) மட்டும் என்பதைத் தேர்ந்தால் உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்கு மறைக்கப் பார்க்கும். ஆனால் முழு ரகசியத்துக்கு அந்தத் தளமே உத்தரவாதம் தருவதில்லை. நிறுவனத்தின் பெயரில் குழப்பம் இருந்தாலோ துணை நிறுவனங்கள் இருந்தாலோ கசியலாம். ஒரே நாளில் சுயவிவரத்தை முழுக்க மாற்றாதீர்கள். வாரம் ஒரு பகுதி போதும். மாற்றங்களை வலைப்பின்னலுக்கு அறிவிக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

ரெஸ்யூமேயை ஒற்றை நெடுவரிசையில் எழுதுங்கள். பிடிஎஃப்பிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை கலைந்தோ தொலைபேசி எண் காணாமலோ போனால் விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளும் அப்படியே வாசிக்கக்கூடும். இரட்டை நெடுவரிசை, டெக்ஸ்ட் பாக்ஸ், தலைப்புப் பகுதியில் வைத்த எண் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம்.

“பணம் செலுத்தும் பகுதியைக் கவனித்தேன்” என்ற வரியால் பயனில்லை. “தரவுத்தள இன்டெக்ஸைத் திருத்தி, பணம் செலுத்தும் சேவையின் பதில் நேரத்தை 900 மில்லிசெகண்டிலிருந்து 300க்குக் குறைத்தேன்” என்றால் நேர்காணல் எடுப்பவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும். இந்த எண்கள் உள்ளே இருக்கும்வரைதான் பார்க்கக் கிடைக்கும். வெளியே சொல்லத் தடை இல்லாததை மட்டும் குறித்துவையுங்கள். வருவாய், வாடிக்கையாளர் எண்ணிக்கை போன்றவற்றைத் தவிர்த்துச் சதவீதமாக எழுதலாம்.

பரிந்துரை கேட்பதானால் “ஏதாவது இருந்தா சொல்லுங்க” என்று அனுப்பாதீர்கள். குறிப்பிட்ட வேலையின் இணைப்பு, நீங்கள் ஏன் பொருத்தம் என்று இரண்டு வரி, ரெஸ்யூமே; அவர் அப்படியே முன்னனுப்பும்படி இருக்க வேண்டும்.

இன்டர்வியூவை அலுவலக லேப்டாப்பிலோ வைஃபையிலோ எடுக்காதீர்கள். முதல் சுற்று அழைப்புகளை வேலை நேரத்துக்கு முன்போ பின்போ வையுங்கள். நீண்ட சுற்றுகளை ஒரே நாளில் சேர்த்து விடுப்பு எடுங்கள். அடிக்கடி அரை நாள் விடுப்பு எடுப்பதுதான் கண்ணில் படும்.

நேர்கோடு:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஆஃபர் வந்த நேரத்தில் இங்கே ஆட்குறைப்பு இன்னும் அறிவிக்கப்படாமல் இருந்தால்? பரிந்துரையாளராக இப்போதைய மேலாளரைக் கொடுக்கலாமா?

வரவுசெலவு:
மேலாளர் வேண்டாம். ஏற்கெனவே விலகிப்போன முன்னாள் மேலாளர், அணித் தலைவர் என்று இரண்டு பேரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். விண்ணப்பப் படிவத்தில் இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறியுங்கள்.

ஆஃபர் வந்தால் சேரும் தேதியை உங்கள் நோட்டீஸ் காலத்துக்கு மேல் இரண்டு மூன்று வாரம் தள்ளிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ராஜினாமா கொடுப்பதற்கு முன் கிடைக்கும் அந்த இடைவெளியில் இங்கே அறிவிப்பு வந்தால் இழப்பீட்டோடு வெளியேறலாம். ஆனால் அதையே நம்பி நல்ல ஆஃபரை இழுத்தடிக்காதீர்கள். போனஸோ பங்கு உரிமையாகும் தேதியோ பக்கத்தில் இருந்தால், அன்று பணியில் இருப்பது நிபந்தனையா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு ராஜினாமா தேதியை முடிவு செய்யுங்கள்.

மூன்றாம்மாடி:
இதோடு ஒன்று. வாய்மொழி ஆஃபரை நம்பி ராஜினாமா கொடுக்கக் கூடாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட கடிதம் வந்து, பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்த நிறுவனத்திடம் இது புதிய இடமா, விலகியவரின் இடமா, இதற்கான பட்ஜெட் இந்த ஆண்டுக்கு ஒப்புதலாகிவிட்டதா என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாமல் தொடருங்கள்.