கம்ப்யூட்டர் கீபோர்டை எடுக்கல, விண்டோஸுக்கும் போகல: உதவுங்க

வணக்கங்க. ஏற்காட்டுல சின்னதா ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன். நேத்து மழையில கரண்ட் போய் வந்ததுல இருந்து கம்ப்யூட்டர் பூட் ஆகல. கறுப்புத் திரையில கீபோர்டு இல்ல, எஃப்1 அமுக்குன்னு வந்து நிக்குது. அமுக்கினா அசையவே இல்லைங்க.

ஆன் பண்றப்ப கீபோர்டுல 'நம் லாக்' (Num Lock) லைட் ஒரு தடவை மின்னி அணைஞ்சிடுது. மவுஸ்ல சிவப்பு லைட் எரியுது. இதே கீபோர்டு தம்பி லேப்டாப்ல நல்லா ஓடுது. முன்னாடி, பின்னாடி எல்லா யு.எஸ்.பி.யிலயும் மாட்டிப் பார்த்தாச்சு. ரேமைக் கழட்டி ரப்பரால துடைச்சும் மாட்டினேன். மதர்போர்டு பேட்டரிய மீட்டர்ல வச்சா 2.1 வோல்ட்தான் காட்டுது. புதுசு 3 வோல்ட் இருக்கணும். அது சி.ஆர்.2032, வாங்கி வச்சிருக்கேன்.

பேட்டரி மாத்தினாலே சரியாகுமா, இல்ல பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டு செட்டப்புல) யு.எஸ்.பி. செட்டிங் ஆஃப் ஆகியிருக்குமா? உள்ள போய்ப் பார்க்கவும் கீபோர்டு வேணுமே. பின்னாடி ஊதா கலர் ரவுண்டு போர்ட் இருக்கு. அதுக்கான பழைய கீபோர்டு சேலத்துல யார்கிட்டயாவது இருந்தா ரெண்டு நாள் குடுங்க. இந்தப் பனி ஈரம் போர்டுல இறங்கியிருக்குமோன்னும் பயமா இருக்கு.

பிள்ளைங்க ஸ்காலர்ஷிப் ஃபைல் எல்லாம் அதுலதாங்க கெடக்கு. 20 கொண்டை ஊசி வளைவுல சி.பி.யு.வைத் தூக்கிட்டு இறங்குறதுக்கு முன்னாடி, தெரிஞ்சவங்க சொல்லுங்க.